குருத்தணு: ஒரு சொல்லும் ஒரு மருத்துவமும்

செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவர்க்குக் குருத்து என்னும் சொல்லின் பொருளை அறிய அகராதி வேண்டுவதில்லை. காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைத்து வளர்முனையை அழித்துவிட்டால், மட்டைகள் பசுமையாக இருப்பினும் கன்று பிழைப்பதரிது. மரத்தின் வளர்ச்சி முழுவதும் அவ்வோரிடத்தில் அடங்கியுள்ளது. கோத்தா கோலா மூடா வட்டாரத்து மாணவர்க்குக் குருத்தணு என்னும் அறிவியற்சொல்லை விளக்க இதனினும் ஏற்ற சான்று நமக்குத் தோன்றவில்லை.

இச்சொல்லின் மூலம் ஜெர்மன் மொழியில் உள்ளது. உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1868இல் 'ஸ்டாம்ட்செல்லே' என்னும் சொல்லை ஆண்டார். 'ஸ்டாம்' என்பது அடிமரத்தையும் குலத்தையும் ஒருங்கே குறிக்கும். உயிர்க்குலங்களுக்கெல்லாம் மூதாதையான ஓரணு உயிரியையே அவர் கருதினார். பின்னர் அச்சொல் கருமுட்டையையும், அதன்பின் பிற அணுக்களாக மாறவல்ல அணுக்களையும் குறிக்கலாயிற்று. ஆங்கிலத்தில் அது 'ஸ்டெம் செல்' ஆயிற்று. தமிழில் 'தண்டணு' என்பது சொல்லைப் பெயர்த்தது. 'குருத்தணு' என்பது தொழிலைப் பெயர்த்தது. ஆதலின் நாம் பின்னதையே ஏற்கிறோம்.

இனிக் கொழுப்புக்கு வருவோம். உறிஞ்சி எடுத்த கொழுப்பு நெடுங்காலம் கழிவாகவே எறியப்பட்டது. 2001இல் அமெரிக்காவில் பட்ரீசியா சுக் குழுவினர், அக்கொழுப்பிலுள்ள சில அணுக்கள் ஆய்வகத்தில் எலும்பு, குருத்தெலும்பு, தசை அணுக்களின் இயல்பைப் பெறுவதைக் காட்டினர். அக்கட்டுரையின் தலைப்பு அவற்றை 'அணுக்கள்' என்றே குறித்தது. மறு ஆண்டுக் கட்டுரையின் தலைப்பில் 'குருத்தணுக்கள்' என்னும் பெயர் ஏறியது.

பெயர் பெரிதாயிற்று, எதிர்பார்ப்பும் பெரிதாயிற்று. 2005இல் அணுச் சிகிச்சைக்கான பன்னாட்டுக் கழகம், இவ்வகை அணுக்களுக்குக் குருத்தணு என்னும் பெயரைப் பொதுவாக வழங்காது, 'தாங்குதிசு அணு' என்னும் பொருள்படும் பெயரைப் பரிந்துரைத்தது. 'இடைத்திசுக் குருத்தணு' என்னும் பெயரை 1991இல் பரப்பிய ஆர்னால்ட் கேப்லனே, 2017இல் அப்பெயரை மாற்றவேண்டும் என எழுதினார். இவை உடலிற் புகுந்து புதிய உறுப்பாக மாறுவதைவிட, சுரப்புகளால் அழற்சியைத் தணித்து அண்டையிலுள்ள அணுக்களைத் தூண்டுகின்றன என்பதே அவர் கருத்து.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. அதே 2017இல், புளோரிடாவில் தம் கொழுப்பிலிருந்து எடுத்த அணுக்களைக் கண்களில் செலுத்திக்கொண்ட 3 பெண்கள் பார்வையிழந்த செய்தி மருத்துவ இதழில் வெளிவந்தது. குருத்து என்றதும் தளிர்க்கும் என்று நம்புவது மனித இயல்பு. முறையாக ஆராயப்பட்ட மருந்தும் தப்பவில்லை. குரோன் நோயால் வரும் ஆசனவாய்ப் புரைகளுக்காக 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்ற கொழுப்பணு மருந்து, பின்னைய பெருஞ்சோதனையில் பயனை நிறுவ இயலாமையால் 2024இல் திரும்பப் பெறப்பட்டது.

நம் நாட்டுச் சுகாதார அமைச்சும் 2009இல் குருத்தணு ஆய்வுக்கும் சிகிச்சைக்கும் வழிகாட்டி நெறிகளை வெளியிட்டுள்ளது. இரத்த நோய்களுக்கு எலும்பு மச்சை மாற்றம் நிலைபெற்ற மருத்துவம். கொழுப்பணுச் சிகிச்சையோ பெரும்பாலும் இன்னும் ஆய்வில் உள்ளது. இரண்டும் ஒரே பெயரால் விளம்பரமாகும்போது வேறுபாடு மறைகிறது.

ஆசிரியர்கள் இச்சொல்லைக் கற்பிக்கையில் அதன் எல்லையையும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். எந்தத் திசுவின் அணு, எந்த நோய்க்கு, எந்தச் சோதனையில் பயன் தெளிந்தது என்னும் மூன்று வினாக்களைத் தமிழிலேயே கேட்கக் கற்ற மாணவன், நாளை மருத்துவமனையில் தன் பெற்றோர்க்காகவும் அவற்றைக் கேட்பான்.