பன்றிக்குப் போன தானியம்

யுத்தம் வந்தால் பசி வரும், பசியின் பின்னே நோய் வரும் என்பது உலகம் கண்ட வழக்கம். இதற்கு மாறாக, யுத்த நெருக்கடியில் உணவைச் சுருக்கிக்கொண்ட ஒரு நாட்டில் மரணமும் சுருங்கியதுண்டு. அந்த நாடு டென்மார்க். காலம், முதல் உலக யுத்தத்தின் கடைசி இரண்டு ஆண்டுகள்.

அந்த யுத்தத்தில் டென்மார்க் எப்பக்கமும் சேரவில்லை. பன்றி இறைச்சியையும் வெண்ணெயையும் இங்கிலாந்துக்கு விற்று அது செழித்திருந்தது. ஆனால் அக்கால்நடைகளுக்கு வேண்டிய தீவனம் பெரும்பாலும் கடல் கடந்து வந்தது. 1917-இல் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்களின் தாக்குதல் கடுமையாயிற்று. யுத்தத்தில் இறங்கிய அமெரிக்காவும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திற்று. சுமார் 30 லட்சம் மக்கள் சொந்த விளைச்சலைக் கொண்டே காலந்தள்ள வேண்டியதாயிற்று.

அப்போது அரசாங்கத்துக்கு உணவு ஆலோசகராக இருந்தவர் டாக்டர் மிக்கெல் ஹிண்ட்ஹீடே. உருளைக்கிழங்கையும் மார்கரினையும் கொண்டே ஒரு மனிதர் மாதக்கணக்கில் உழைத்து வாழ முடியும் என்று சோதித்துக் காட்டியவர் அவர். அவருடைய வாதம் எளியது. தானியத்தைப் பன்றிக்குக் கொடுத்து இறைச்சியாக்கி உண்டால், அதன் சத்தில் பெரும்பகுதி வழியிலேயே விரயமாகிறது. அதே தானியத்தை மனிதன் நேராக உண்டால் நாடு பிழைக்கும்.

நாடு அவ்வாறே செய்தது. பன்றிகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைக்கப்பட்டது. தவிடு நீக்காத ரை மாவில் ரொட்டி சுட்டார்கள். வாற்கோதுமைக் கஞ்சி, உருளைக்கிழங்கு, கீரை, காய்கறி, பால், சிறிது வெண்ணெய் ஆகியவை பொதுமக்களின் ஆகாரமாயின. தானியத்திலிருந்து சாராயம் வடிப்பது ஒடுக்கப்பட்டது. வரியால் அதன் விலையும் பன்மடங்கு ஏறிற்று.

1917 அக்டோபர் முதல் ஓராண்டுக் கணக்கை ஹிண்ட்ஹீடே 1920-இல் வெளியிட்டார். கோபன்ஹேகன் நகரில் 25 முதல் 65 வயது வரையுள்ள ஆண்களிடையே நோயால் நேர்ந்த மரணம், முந்தைய 18 ஆண்டுகளின் சராசரியைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

இப்பெருமை முழுவதும் தவிட்டு ரொட்டிக்கே உரியது என்று நாம் சொல்லிவிடலாகாது. மது குறைந்ததற்கும் இதில் பங்குண்டு. அன்றியும், இதே வரலாற்றில் மற்றொரு பாடமும் இருக்கிறது. யுத்தத்தின்போது டென்மார்க்கின் வெண்ணெய் அயல்நாட்டுக்குப் போக, ஏழைக் குழந்தைகளுக்கு ஆடை நீக்கிய பாலும் மார்கரினுமே கிடைத்தன. அவர்களுள் பலருக்குக் கண் வறண்டு பார்வை கெட்டது. 1917 டிசம்பரில் வெண்ணெய்ப் பங்கீடு வந்து, ஏழை வீட்டுக்கும் குறைந்த விலையில் அது கிடைத்தது. அடுத்த ஆண்டில் அந்நோய் மறைந்தே போயிற்று. கார்ல் பிளாக் என்ற குழந்தை மருத்துவர் இதை ஆராய்ந்து எழுதினார். வைட்டமின் ஏ குறைவே அதன் காரணம் என்பதை இன்று நாம் அறிவோம்.

ஆகவே, இறைச்சியைக் குறைப்பது பாதி வேலையே. அதன் இடத்தில் எதை வைக்கிறோம் என்பது மறுபாதி. தீட்டிய அரிசியும் ஊறுகாயும் சைவ உணவுதான். அதனாலேயே அது நல்லுணவாகிவிடாது. தவிடுள்ள தானியம், பருப்பு, கீரை, சிறிது பால் ஆகியவை கூடினாலே உணவு நிறைவு பெறும்.

இரண்டாம் உலக யுத்தக் காலத்துப் பங்கீட்டில் அரிசி அருகியபோது, தில்லியிலும் பம்பாயிலும் குடியேறியிருந்த நம் முன்னோர் வேறு வழியின்றிக் கோதுமை சமைக்கக் கற்றனர். டேனிஷ் மக்களையும் நிர்ப்பந்தமே மாற்றியது. நிர்ப்பந்தமின்றி, அறிந்து மாறும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது.