பள்ளியில் மாற்றுத்திறன் குழந்தைக்குக் கொடுமை: சட்டம் தரும் வழிகள்

பேச இயலாத குழந்தை ஒன்று வீங்கிய கையோடு பள்ளியிலிருந்து வீடு திரும்புகிறது. கேட்கச் சென்ற தாயிடம், "அவன் அடங்க மாட்டேன் என்கிறான், வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள்" என்கிறது நிர்வாகம். அந்தத் தாய் தலித் பெண் என்றால், உட்காரச் சொல்லாமலே இப்பதில் சொல்லப்படும். வழக்குரைஞர்களாகிய எங்களிடம் வரும் பெற்றோர் பலர், "டீச்சர் கொஞ்சம் கண்டிப்பு" என்றே பேச்சைத் தொடங்குகின்றனர். சட்டத்தின் பார்வையில் அது கண்டிப்பு அன்று, குற்றம்.

எவையெல்லாம் குற்றம்?

தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆம் விதி 2003இல் திருத்தப்பட்டுப் பள்ளிகளில் உடல்ரீதியான தண்டனை தடை செய்யப்பட்டது. கல்வி உரிமைச் சட்டம், 2009இன் பிரிவு 17 அடியையும் மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது. மீறுவோர் மீது துறை நடவடிக்கைக்கு வழி செய்கிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. பொதுப் பார்வைக்குரிய இடத்தில் மாற்றுத்திறனாளியை இழிவுபடுத்தும் நோக்கில் அவமதிப்பது அல்லது மிரட்டுவது, அவமானப்படுத்தும் நோக்கில் தாக்குவது, பொறுப்பில் இருப்பவர் தெரிந்தே உணவோ நீரோ மறுப்பது ஆகியவற்றுக்குப் பிரிவு 92இன்படி 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் இழைக்கும் கொடுமைக்கு இளைஞர் நீதிச் சட்டம், 2015இன் பிரிவு 75 பொருந்தும். பாலியல் வன்முறை எனில் போக்சோ சட்டம், 2012 வரும். அதன்கீழ், செய்தி அறிந்த எவரும் புகார் அளித்தாக வேண்டும். தலைமையாசிரியருக்கு விதிவிலக்கு இல்லை.

"நல்லெண்ணத்தில் அடித்தேன்" என்பது ஆசிரியர் தரப்பின் வழக்கமான வாதம். 12 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் நன்மைக்காகப் பாதுகாவலரோ அவரது இசைவுடன் பிறரோ நல்லெண்ணத்தில் செய்யும் செயலுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 27 விலக்கு அளிப்பதே இதற்குத் துணை. கல்வி உரிமைச் சட்டம் அடியையே தடை செய்துவிட்ட பிறகு, ஆசிரியர் அந்த விலக்கின் பின் ஒளிய முடியாது என்று நாம் உறுதியாக வாதிட வேண்டும்.

சாதியும் சேரும்போது

ஊனத்தைச் சொல்லித் திட்டும் வாய் சாதியையும் சொல்லித் திட்டும். கழிவறை கழுவ அனுப்பப்படும் குழந்தையும் தனியே அமர்த்தப்படும் குழந்தையும் யார் வீட்டுப் பிள்ளைகள் என்பதை நாம் கேட்டாக வேண்டும். குற்றம் இழைத்தவர் பட்டியல் சாதி, பழங்குடியைச் சேராதவராயின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989 பொருந்தும். பிறர் முன்னிலையில் இழிவுபடுத்துவது பிரிவு 3(1)(ஆர்). சாதிப் பெயரால் திட்டுவது பிரிவு 3(1)(எஸ்). வகுப்பறையில் இருந்த மற்ற மாணவரும் ஆயாவும் இங்கே முக்கியச் சாட்சிகள்.

"சாதி எனக்குத் தெரியாது" என்ற தப்பித்தலுக்கும் விடை உண்டு. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த பிரிவு 8(சி)இன்படி, பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ நேரில் அறிந்தவருக்குச் சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். மாணவர் சேர்க்கைப் பதிவேட்டிலேயே சாதி எழுதப்பட்டுள்ளது என்பதையும் மறக்கலாகாது.

பிரிவு 18ஏ-இன்படி முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை. காவல் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே புலன் விசாரணை செய்ய வேண்டும். தீருதவித் தொகையின் ஒரு பகுதியை முதல் தகவல் அறிக்கை நிலையிலேயே கோரலாம்.

முதல் நாளில் செய்ய வேண்டியவை

1. காயங்களைத் தேதி தெரியும்படி படம் எடுங்கள். அரசு மருத்துவமனைக்குச் சென்று விபத்துப் பதிவேட்டில் பதியச் செய்து நகல் கேளுங்கள்.

2. குழந்தை சொன்னதை, சைகையில் காட்டியதை, புதிதாகத் தோன்றிய அச்சத்தை அன்றே எழுதி வையுங்கள். குழந்தையிடம் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். சொல்லிக்கொடுத்துப் பேச வைத்ததாகப் பின்னர் எதிர்த்தரப்பு வாதிடும்.

3. கண்காணிப்புக் கேமரா பதிவை அழிக்கக் கூடாது என்று பள்ளிக்கு எழுத்தில் கடிதம் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். பதிவுகள் சில நாளிலேயே மேலெழுதப்பட்டுவிடும்.

4. காவல் நிலையத்தில் மாற்றுத்திறன் பற்றியும் சாதி பற்றியும் ஒரே புகாரில் எழுதுங்கள். பின்னர் சேர்த்தால் "யோசித்துச் செய்தது" என்பார்கள். காவல் நிலையம் புகாரை ஏற்க மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். அதன்பின் நீதித்துறை நடுவரை அணுகலாம்.

எங்கே முறையிடுவது?

உடனடி உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417. துறை நடவடிக்கைக்கு முதன்மைக் கல்வி அலுவலர். கல்வி உரிமை மீறலுக்கு மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு, சாட்சிகளை அழைப்பது உள்ளிட்டவற்றில் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு. கொடுமை தொடரும் எனில் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 7இன்படி நிர்வாக நடுவரிடம் எவரும் தகவல் தரலாம். பெற்றோர்தான் போக வேண்டும் என்பதில்லை. தோழர்களும் மாணவர் அமைப்புகளும் இதைப் பயன்படுத்த வேண்டும்.

பேச இயலாத குழந்தையின் சாட்சியம் செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாற்றுத்திறனாளி தமக்கு இயன்ற மொழியிலும் தொடர்பு முறையிலும் சாட்சியம் அளிக்க வசதி செய்ய அரசைப் பிரிவு 12 கடமைப்படுத்துகிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் குழந்தை, பட்டியல் சாதியினர், மாற்றுத்திறனாளி ஆகிய ஒவ்வொரு தகுதியிலும் வருமான வரம்பின்றி இலவச வழக்குரைஞர் கிடைப்பார்.

மாற்றுச் சான்றிதழில் முடிக்காதீர்கள்

பேச்சுவார்த்தைகள் பெரும்பாலும் "டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்" என்பதில் முடிகின்றன. தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் குழந்தையையும் வெளியேற்றக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 16. நாம் கேட்க வேண்டியது குற்றம் இழைத்தவரின் பணியிடை நீக்கம், சிறப்பாசிரியர், குழந்தைக்குத் தேவையான வசதிகள். அடித்தவர் அதே வகுப்பில் நிற்க, அடிபட்ட குழந்தை வீட்டில் முடங்குவதைத் தீர்வென்று ஏற்றுக் கையெழுத்திடாதீர்கள். அந்த வகுப்பறை அக்குழந்தைக்கும் உரியது.