இரவுக்குறி

அந்தி சாயும்போது தறிக்குழியில் இருப்பவர் கண்ணுக்கு முதலில் தொலைந்துபோவது ஒற்றைப் பாவு இழைதான். சேலையின் கரை தெரியும், உடல் தெரியும், இரண்டும் கோர்வையாகச் சேருமிடமும் மங்கலாகத் தெரியும். அறுந்த இழை மட்டும் அகப்படாது. "இழை தெரியல, லைட்டப் போடு" என்ற குரலைக் காஞ்சிக்கு அருகே ஏனாத்தூர்ப் பக்கம் கேட்டபோது, வேட்டைத் துப்பாக்கியின் தொலைநோக்கிக்குள் தெரியும் குறுக்குக் கோடுகள் நினைவுக்கு வந்தன. அங்கும் இதே சிக்கல்தான். சிக்கலின் பாதி அந்தக் கோடுகளின் பெயரிலேயே இருக்கிறது.

ஆங்கிலத்தில் அவற்றை ரெட்டிகிள் என்பார்கள். லத்தீனில் 'ரேட்டே' என்றால் வலை, 'ரேட்டிகுலும்' என்றால் சிறுவலை. ஐரோப்பியப் பெண்கள் ஒருகாலத்தில் கையில் தொங்கவிட்ட பின்னல் பையும் 'ரெட்டிக்யூல்'தான். வானியலார் விண்மீன்களின் இடைவெளியை அளக்கத் தொலைநோக்கிக்குள் நூல்களைப் பின்னிக் கட்டியதால் வலை கருவிக்குள் நுழைந்தது. 1640ஐ ஒட்டி, வில்லியம் காஸ்காயின் என்ற ஆங்கிலேயரின் தொலைநோக்கிக்குள் சிலந்தி ஒன்று நூல் கட்டியதாகவும், அது வில்லையின் குவியத்தில் அமைந்ததால் கூர்மையாகத் தெரிந்ததாகவும் சொல்வார்கள். 1644இல் மார்ஸ்டன் மூர் போரில் அவர் இறந்தார். 1785இல் அமெரிக்காவின் டேவிட் ரிட்டன்ஹவுஸ் சிலந்தி நூலையே எடுத்துக் கட்டினார். தலைமயிர் தடிமன், கூட்டிலிருந்து எடுத்த பட்டிழை அதைவிட மெல்லியது, சிலந்தி நூல் அதனினும் மெல்லியது. காஞ்சிக்குப் பெயர் வாங்கித் தந்த பட்டுப்பூச்சி இந்த ஒரு போட்டியில் தோற்றுவிட்டது.

ஆங்கிலத்தில் இதற்கு இன்னொரு பெயர் 'குறுக்குமயிர்'. நாமும் மயிரிழையில் உயிர் தப்புகிறவர்கள்தானே! தமிழில் 'குறுக்கிழை' என்றால் பொருந்தும். சங்கப் புலவர்களுக்கு 'இழை' நகையும்கூட. ஆயிழை, நேரிழை எல்லாம் அணி பூண்ட பெண்கள். அழகான சொல்தான். ஆனால் இருட்டில் அழகு உதவாது. வானியலாரே கருவிக்குள் விளக்கொளி பாய்ச்சித்தான் இழையைக் கண்டார்கள்.

காரணம் கண்ணில் இருக்கிறது. விழித்திரையின் நடுக்குழியில் மங்கல் ஒளியை உணரும் குச்சிச் செல்கள் இல்லை. உற்றுப் பார்க்கப் பார்க்க மெல்லிய கோடு மறையும். அதனால் அந்தி வேட்டைக்காரர்கள் இழையை விட்டுப் பட்டைக்கு மாறினார்கள். ஜெர்மானியர்களின் 'நான்காம் எண்' வகையில் இடம், வலம், கீழ் என மூன்று தடித்த பட்டைகள். நடுவில் மட்டும் மெல்லிய கோடு. மேற்புறம் தடிப்பில்லாமல் திறந்திருக்கும். நடு மறைந்தாலும் பட்டைகளின் முனைகள் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். 1962இல் அமெரிக்காவின் லியூபோல்டு நிறுவனம் கொண்டுவந்த 'டூப்ளெக்ஸ்' நான்கு புறமும் தடித்து நடுவில் மெலிவது. நடுவில் சிவப்புப் புள்ளி ஒளிரும் வகையும் உண்டு. அதை மிக மங்கலாக வைக்க வேண்டும். ஒளியைக் கூட்டினால் இருளுக்குப் பழகிய கண் கூசி, விலங்கு இருளுக்குள் போய்விடும். எந்தக் கோடானாலும் வில்லை போதுமான ஒளி தர வேண்டும். 56 மில்லிமீட்டர் வில்லையை 8 மடங்கு உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் 7 மில்லிமீட்டர். இருட்டில் இளைஞரின் கண்மணி ஏறக்குறைய அவ்வளவு விரியும். என் வயதில் விரியாது.

காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் இப்படி இருட்டில் காத்திருக்கும் வேட்டையைக் காட்டுகிறார். எயினர் நீர்நிலை அருகே குழியில் ஒளிந்து, நள்ளிரவில் நீருண்ண வரும் பன்றிக்குக் காத்திருப்பார்கள். அது வாய்க்காவிட்டால் பகலில் நாய்களோடு போய் வலை கட்டி முயல் பிடிப்பார்கள். வலை பகலுக்கு, விழித்த கண் இரவுக்கு என்று அவர்கள் பிரித்து வைத்திருந்தார்கள். லத்தீன் பெயர் வலையை இரவுக்குள் கொண்டுவந்துவிட்டது. அந்தப் பாட்டில் பன்றிக்குப் புலவர் சொல்லும் சொல் 'ஏனம்'. ஏனாத்தூரை உடனே அதோடு முடிச்சுப் போட வேண்டாம். ஒலி ஒத்தால் மட்டும் உறவாகிவிடாது.

இன்று வேட்டை சட்டப்படி குற்றம். 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் அதை மூடிவிட்டது. ஆனால் பயிரழிக்கும் பன்றி பற்றிய பேச்சை அது மூடவில்லை. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. பன்றி கொல்லைக்கு வருவது பெரும்பாலும் இருட்டில்தான்.

துப்பாக்கித் தொலைநோக்கிக்குள் இருப்பது இப்போது வலையுமில்லை, மயிருமில்லை, பெரும்பாலும் இழையுமில்லை. கண்ணாடியில் பொறித்த கோடு. ஆகவே 'குறி' என்றே சொல்லிவிடலாம் என்பது என் கட்சி. குறி வைத்தல், குறி தப்புதல், குறிபார்த்துச் சுடுதல் எல்லாம் நம் வாயில் ஏற்கெனவே இருக்கின்றன. அந்திக்கான தடித்த வகையை 'இரவுக்குறி' என்பேன். தொல்காப்பியத்தில் அது காதலர் இரவில் சந்திக்கும் இடம். அங்கும் ஒருவர் இருட்டில் அசையாமல் இன்னொருவர் வரவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.