நொய்யலின் உப்பும் பாட்டில் துணியும்

நீச்சல் குளத்திலும் விளையாட்டு மைதானத்திலும் இப்ப நாம பார்க்கிற, உடம்போட ஒட்டி இழுபடுற அச்சுத் துணி மூன்று கண்டுபிடிப்புகளின் கூட்டு.

முதலாவது பாலியெஸ்டர். 1941-ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் இருவரும் கண்டுபிடித்தது. அதே வேதிப்பொருளில் செய்த சோடா பாட்டிலுக்கு 1973-ல் அமெரிக்காவில் நதானியேல் வைத் காப்புரிமை வாங்கினார். அப்படீன்னா தண்ணீர் பாட்டிலும் பாலியெஸ்டர் சட்டையும் ஒரே சரக்குதான். காயலான் கடைக்குப் போன பாட்டிலைக் கழுவி, சில்லாக நொறுக்கி, உருக்கி, நுண்ணிய துளைகள் வழியே இழுத்தால் இழை ரெடி.

இரண்டாவது ஸ்பான்டெக்ஸ். 1958-ல் டூபாண்ட் கம்பெனியின் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கியது. 'லைக்ரா' என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். உள்ளாடைகளில் இருந்த ரப்பருக்கு மாற்றாக வந்தது, பிறகு நீச்சல் உடைக்குள்ளும் புகுந்தது.

மூன்றாவது, காகிதம் வழியே அச்சிடும் முறை. படத்தைக் காகிதத்தில் அச்சடித்து, துணிமேல் வைத்து, சுமார் 200 டிகிரி சூட்டில் அழுத்தினால் சாயம் ஆவியாகி இழைக்குள் போய்விடும். அச்சிடத் தண்ணீர் ஏறக்குறைய தேவையே இல்லை. ஆனா பருத்தியில் இது நிற்காது, பாலியெஸ்டரில்தான் பிடிக்கும்.

தண்ணீர் தேவையில்லை என்பது ஏன் பெரிய விஷயம்? திருப்பூரைக் கேளுங்க. பருத்தி பனியனில் சாயம் ஏற நிறைய உப்பு போடணும். அந்த உப்பு துணியில் தங்காது, கழிவுநீரோடு வெளியே வரும். அப்படி நொய்யலில் இறங்கியதால், பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாக மாறியது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனாங்க. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சுமார் 700 பட்டறைகள் நின்றன.

நொய்யல் காவிரியில் கலக்கிற கரூர் மாவட்டத்திலேயே இன்று பாட்டிலிலிருந்து இழை செய்கிறார்கள். 2023 பிப்ரவரியில் பிரதமர் மோடி நாடாளுமன்றத்துக்குப் போட்டு வந்த நீல நிற மேலங்கியின் துணி கரூரில் தயாரானது. அதே வாரம் இந்தியன் ஆயில் அறிமுகப்படுத்திய ஊழியர் சீருடைக்கு, ஒரு செட்டுக்கு சுமார் 28 பாட்டில் என்று கணக்குச் சொன்னார்கள்.

ஆறு பிழைத்தது, குப்பையும் குறைந்தது என்று கதையை இங்கேயே முடித்துவிடலாமா? முடியாது. பாட்டிலை மறுபடி பாட்டிலாக்கலாம். பாலியெஸ்டரோடு ஸ்பான்டெக்ஸைச் சேர்த்துப் பின்னிவிட்டால் இரண்டையும் பிரித்தெடுப்பது பெரும்பாடு. பழசான நீச்சல் உடை திரும்ப நூலாவது அபூர்வம், பெரும்பாலும் குப்பைமேடுதான். போதாததுக்கு, துவைக்கும்போதெல்லாம் நுண்ணிழைகள் தண்ணீரில் கலக்கின்றன.

பருத்தி உப்பைத் தந்தது, இது நுண்ணிழையைத் தருகிறது. லேபிளில் 'மறுசுழற்சி' என்று போட்டிருந்தால், அது எதிலிருந்து வந்தது என்பதோடு அடுத்து எங்கே போகும் என்றும் கேளுங்க. உப்பு விஷயத்தில் அந்தக் கேள்வி தாமதமாக வந்ததற்கு விலை கொடுத்தது நொய்யல் கரை விவசாயி.