குவியத்திரையின் வரலாறு: தெளிவைத் தீர்மானிப்பது யார்?

மும்பை விக்ரோலியில் 2006 முதல் கோத்ரெஜ் ஆவணக்காப்பகம் இயங்கி வருகிறது. ஒரு தொழில் நிறுவனத்தின் நீண்ட வரலாற்றைச் சொல்லும் தாள்களோடு ஒளிப்படங்களும் அங்கே பேணப்படுகின்றன. இத்தகைய காப்பகங்களில் ஒரு படத்தைக் கையிலெடுக்கும் ஆய்வாளர், அதை யார் எடுத்தார், எப்போது, யாருக்காக என்று கேட்பது வழக்கம். சட்டகத்துக்குள் எது கூர்மையாக விழ வேண்டும், எது மங்கலாக நிற்க வேண்டும் என்பதை எடுத்தவர் எதைப் பார்த்து முடிவு செய்தார் என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. தட்டுக் கேமராவிலும் எஸ்.எல்.ஆர். கேமராவிலும் அந்த முடிவு பிறக்கும் இடம் ஒன்றுதான்: ஃபோகசிங் ஸ்கிரீன் எனப்படும் குவியத்திரை.

அதன் தொடக்க வடிவம் தேய்த்த கண்ணாடி. பம்பாயில் 1854இலும் சென்னையில் 1856இலும் ஒளிப்படக் கழகங்கள் தோன்றின. 1855இல் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்விக்கூடத்தில் ஒளிப்பட வகுப்பு நடந்தது. அதில் பயின்ற ஹரிச்சந்த் சிந்தாமன் பின்னாளில் நகரின் பெயர்பெற்ற ஒளிப்படக்காரரானார். அக்காலத்தவர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, தேய்த்த கண்ணாடியில் தலைகீழாகத் தெரிந்த உருவத்தைப் பார்த்தே வில்லையை முன்னும் பின்னும் நகர்த்தினர். உருவம் கூர்மையானதும் கண்ணாடியை விலக்கி, அதே தளத்தில் ஒளியுணர் தட்டை அல்லது தாளை வைத்தனர். கண் பார்த்த தளமும் படம் பதிந்த தளமும் வில்லையிலிருந்து ஒரே தொலைவில் இருக்க வேண்டும் என்ற விதி அன்றே நிலைபெற்றுவிட்டது.

தமிழக வரலாற்று மாணவருக்கு இதன் பொருள் விளங்கத் தஞ்சை போதும். 1858இல் லின்னேயஸ் டிரைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டைப் படமெடுத்தார். 21 படங்களை வரிசையாக இணைத்து ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே காட்சியாக்கினார். ஹுல்ஷ் தஞ்சைக் கல்வெட்டுகளின் பதிப்பை 1891இல் வெளியிடத் தொடங்குவதற்கு முப்பதாண்டுகளுக்கும் முந்தைய முயற்சி அது. கருங்கல்லில் வெட்டிய எழுத்து தாளில் படிக்கத்தக்கதாக வர வேண்டுமெனில், ஒவ்வொரு முறையும் அந்தக் கண்ணாடியில் கண் பிழை செய்யாதிருக்க வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் திரை கேமராவின் உடலுக்குள் சென்றது. டிரெஸ்டனில் 1936இல் வந்த கினே எக்ஸாக்டா, ஆடியால் ஒளியை மேல்நோக்கித் திருப்பித் திரையில் விழச் செய்தது. 1949இல் காண்டாக்ஸ் எஸ், ஐம்பட்டகத்தின் துணையால் அவ்வுருவத்தை நேராகக் கண்ணுக்குக் காட்டியது. 1959இன் நிக்கான் எஃப் கேமராவில் பயனரே திரையைக் கழற்றி மாற்றலாம். கட்டடம் எடுப்பவருக்குக் கட்டக்கோடுகள் கொண்ட திரை, முகம் எடுப்பவருக்கு நடுவில் பிளவுருவம் காட்டும் திரை எனப் பணிக்கேற்ற தேர்வு இருந்தது. பிளவுருவத் திரையில் எதிரெதிராகச் சாய்ந்த இரு சிறு பட்டகங்கள் உண்டு. குவியம் தவறினால் ஒரு நேர்கோடு நடுவே உடைந்து தெரியும், சரியானால் ஒன்றிவிடும்.

திருப்பம் 1985இல் வந்தது. மினோல்டா 7000 தானியங்கிக் குவியத்தைப் பரவலாக்கியது. இவ்வகைக் கேமராக்களில் ஆடி, ஒளியின் ஒரு பகுதியைத் தன்னூடே கடத்திக் குவிய உணரிக்கு அனுப்புகிறது. திரைக்கு எஞ்சும் ஒளி குறைகிறது. விலை குறைந்த ஜூம் வில்லைகளின் துளையும் சிறியது. எனவே, ஒளியை அதிகம் சிதறடிக்காத வெளிச்சமான திரைகள் பொருத்தப்பட்டன. இவற்றில் வில்லையின் விளிம்பிலிருந்து சாய்ந்து வரும் கதிர்கள் கண்ணை எட்டுவதில்லை. எஃப் 1.4 வில்லையைப் பூட்டினாலும் காட்சி ஏறத்தாழ எஃப் 2.8 அளவுக்கே தெரிகிறது. கண்ணுக்குக் கூர்மையாகத் தோன்றியது படத்தில் மங்கியிருக்கிறது. திரை பளிச்சிட்டது, ஆனால் உண்மை சொல்வதைக் குறைத்துக்கொண்டது.

டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராவில் திரையை மாற்றுவோர் மீட்க முயல்வது இந்த உண்மையைத்தான். 2005இல் வந்த கேனன் 5டி கேமராவுக்கு மூன்று திரைகள் இருந்தன: பொதுப் பயனுக்கானது, கட்டக்கோடுகள் உள்ளது, பெருந்துளை வில்லைகளுக்கான மிகு துல்லியத் திரை. வேலை சிறியது, ஆனால் நுட்பமானது. வில்லையைக் கழற்றி, உள்ளிருக்கும் சட்டத்தை விடுவித்து, திரையின் காதுப் பகுதியை மட்டும் இடுக்கியால் பற்றி எடுக்க வேண்டும். பரப்பில் விரல் பட்டால் கறை நிலைத்துவிடும்; துணியால் துடைத்தால் கீறல் விழும். புதிய திரையின் வகையைக் கேமராவின் அமைப்பில் குறிக்காவிட்டால் ஒளியளவு பிழைபடும். திரை இம்மியளவு மேலே அல்லது கீழே அமர்ந்தாலும் கண் பார்த்த தளமும் உணரியின் தளமும் பிரிந்துபோகும். தட்டுக் கேமராவின் பழைய விதிதான் இங்கும் ஆள்கிறது.

இந்த உரிமை நீடிக்கவில்லை. 2012இன் 5டி மார்க் 3 கேமராவில் பயனர் திரையை மாற்ற வழி வைக்கப்படவில்லை. ஆடியில்லாக் கேமராக்களில் திரையே இல்லை. மின்திரையில் எந்த விளிம்பு கூர்மையானது என்று கருவி கணக்கிட்டு நிறம் தீட்டிக் காட்டுகிறது. இதனால் பிழைகள் குறைந்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் முடிவெடுக்கும் வேலையில் ஒரு பகுதி, படமெடுப்பவர் திறந்து பார்க்க முடியாத கணக்கீட்டின் கைக்குச் சென்றுவிட்டது.

ஓலைச்சுவடியும் கல்வெட்டும் பழைய ஒளிப்படங்களும் இன்று கேமரா வழியாகவே மின்னுருவாகின்றன. வருங்கால ஆய்வாளர் மூலத்தைக் காணாமல் அந்த நகலையே படிக்கக்கூடும். ஓர் எழுத்து அதில் மங்கியிருந்தால், அழிந்தது ஓலையிலா, குவியம் தவறியது நகலெடுப்பிலா என்று அவர் எப்படி அறிவார்? எந்த வில்லை, எந்தத் துளை, குவியத்தைத் தீர்மானித்தது கண்ணா கருவியா என்ற குறிப்பையும் படத்தோடு சேர்த்து வைப்பது காப்பகங்களின் கடமையாகிறது.