ஒளியிழை விளக்கு

விளக்கை ஓரிடத்தில் வைத்துவிட்டு, அதன் வெளிச்சத்தை மட்டும் மெல்லிய கண்ணாடி இழைகள் அல்லது பிளாஸ்டிக் இழைகள் வழியாக வேறோர் இடத்துக்குக் கொண்டுபோகும் அமைப்பே ஒளியிழை விளக்கு. வெளிச்சம் விழும் முனையில் மின்சாரம் கிடையாது. சூடும் மிகக் குறைவு. இணையத் தகவலைக் கடத்தும் இழைகளும் இதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன. ஆனால் நெடுந்தூர இழையில் ஒளி செல்லும் உள்ளகம் சுமார் 9 மைக்ரான்தான். விளக்குக்கு அது போதாது. பிளாஸ்டிக் என்றால் முக்கால் மில்லிமீட்டர் முதல் 3 மி.மீ. வரை தடிமனுள்ள இழையும், கண்ணாடி என்றால் 50 மைக்ரான் அளவிலான நூற்றுக்கணக்கான இழைகளைச் சேர்த்த கற்றையும் பயன்படுகின்றன.

இழையின் உள்ளகத்தைச் சுற்றி, அதைவிட ஒளிவிலகல் எண் குறைந்த ஓர் உறை இருக்கும். அக்ரிலிக் இழையில் உள்ளகத்தின் எண் 1.49, ஃபுளோரின் கலந்த உறையின் எண் ஏறத்தாழ 1.40. இரண்டும் சந்திக்கும் பரப்பில் சாய்வாகப் படும் ஒளி வெளியேறாமல் முழு அக எதிரொளிப்பு அடைந்து, மோதி மோதி முன்னேறுகிறது. இந்த எண்களின்படி சுமார் 60 பாகை விரிந்த கூம்புக்குள் வரும் ஒளியை மட்டுமே இழை ஏற்கும். மறுமுனையில் வெளிவரும் ஒளியும் ஏறத்தாழ அதே அளவு விரியும். கூர்மையான கற்றை வேண்டுமானால் நுனியில் ஒரு லென்ஸைப் பொருத்த வேண்டும்.

1841இல் ஜெனீவாவில் ழான்-டேனியல் கொலாடோன், தொட்டித் துளையிலிருந்து வளைந்து விழும் நீர்த்தாரைக்குள் ஒளியும் வளைந்து செல்வதைக் காட்டினார். 1854இல் லண்டனில் ஜான் டிண்டாலும் இதைச் செய்து காட்டினார். பல நூல்களில் புகழ் அவருக்கே போய்விட்டது. அமெரிக்கரான வில்லியம் வீலர், நிலவறையில் ஒரே ஒரு வில்விளக்கை வைத்து, உட்புறம் பளபளக்கும் குழாய்கள் வழியே வீடு முழுக்க வெளிச்சம் தரலாம் என்று 1880 வாக்கில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதே காலத்தில் மின்குமிழ் வந்ததால் அந்தத் திட்டம் எடுபடவில்லை. 1954இல் ஹெரால்டு ஹாப்கின்ஸும் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் இழைக்கற்றை வழியே படத்தைக் கடத்தியதை ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். உறையின் தேவையை அதே ஆண்டு, அதே இதழில் எழுதியவர் நெதர்லாந்தின் ஆபிரகாம் வான் ஹீல். உறையில்லாத இழைகள் ஒன்றையொன்று தொட்டால் ஒளி பக்கத்து இழைக்குத் தாவிவிடும்.

இழைகளுக்கு ஒளி தரும் ஒளிப்பெட்டிக்குள் முன்பு 50 வாட் ஹாலஜன் அல்லது 150 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கு இருந்தது. இப்போது பெரும்பாலும் எல்இடி. பிளாஸ்டிக் இழை 70, 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் தாங்காது. ஆகவே பழைய பெட்டிகளில் அகச்சிவப்பு வடிகட்டியும் விசிறியும் கட்டாயம். அந்த விசிறியின் இரைச்சல் அமைதியான அறைகளில் பெரிய தொந்தரவு.

இழப்பு இதன் தீராத பலவீனம். உருண்டை இழைகளை எவ்வளவு நெருக்கிக் கட்டினாலும் கற்றையின் முகப்பில் 9 சதவீதத்துக்கு மேல் வெற்றிடம். அங்கே விழும் ஒளி வீண். இழையின் ஒவ்வொரு முனையிலும் சுமார் 4 சதவீதம் எதிரொளித்துப் போகிறது. அக்ரிலிக்கில் மீட்டருக்கு இன்னொரு 4 சதவீதம் என்று வைத்தால், 10 மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். சிவப்பைவிடப் பச்சை குறைவாகவே தேய்வதால், நீண்ட இழையின் நுனியில் வெள்ளை ஒளி லேசாகப் பச்சை தட்டும். இழையை இறுக்கி மடக்கினாலும் ஒளி கசியும். நுனியைக் கூரிய கத்தியால் நேராக வெட்டி மெருகேற்றாவிட்டால் அங்கும் சிதறும். பக்கவாட்டில் ஒளிரும் இழைகளில் மட்டும் இந்தக் கசிவை வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள்.

நட்சத்திரக் கூரை இதன் பிரபலமான பயன். பலகையில் நுண்துளையிட்டு, மேலிருந்து இழைகளை நுழைத்து ஒட்டி, கீழே நீட்டியிருப்பதைக் கூரையோடு ஒட்ட நறுக்குகிறார்கள். இழையின் தடிமனை மாற்றினால் பெரிய நட்சத்திரம், சிறிய நட்சத்திரம் என்று வேறுபாடு வரும். விளக்குக்கும் கற்றைக்கும் நடுவே ஓட்டைகளுள்ள தகடு சுழல்வதால் அவை மினுக்குகின்றன. ரோல்ஸ் ராய்ஸ் கார்களின் உட்கூரையிலும் இதே வேலைதான். நீச்சல்குளத்தில் மின்கம்பியே தண்ணீரை நெருங்குவதில்லை. பழைய துணிக்கும் தாளுக்கும் 50 லக்ஸுக்கு மேல் கூடாது என்று வைத்திருக்கும் அருங்காட்சியகங்களில், பேழையைத் திறக்காமலே விளக்கை மாற்ற முடிவது பெரிய வசதி.

மலிவான எல்இடி வந்தபின் அலங்கார விளக்குச் சந்தையில் பெரும்பகுதி கைநழுவியது. சிறிய எல்இடியைத் தேவையான இடத்திலேயே பொருத்த முடியும்போது, ஒளியைச் சுமந்து வந்து பாதியை வழியில் சிந்துவது வீண் செலவுதான். மருத்துவத்தில் மட்டும் ஒளியிழையை இன்னும் அசைக்க முடியவில்லை. பல எண்டோஸ்கோப்புகளிலும் அறுவை மருத்துவர்களின் தலைவிளக்குகள் பலவற்றிலும் கண்ணாடி இழைக்கற்றையே ஒளி தருகிறது. அதைக் குளிர் ஒளி என்று அழைத்தாலும் அவ்வளவு ஒளியும் ஒரு சிறு முனையில் குவிவதால், கருவியிலிருந்து கழற்றிய கேபிளின் நுனி அறுவைத் துணியைக் கருக்கிவிடும், நோயாளியின் தோலையும் சுட்டுவிடும். கேபிளைக் கழற்றும் முன் ஒளிப்பெட்டியை அணைப்பதும், எரியும் நுனியைத் துணிமேல் வைக்காதிருப்பதும் அறுவை அரங்கின் விதிகள்.