ஃபஜ்ருக்குப் பின் கிடைக்கும் இரண்டு மணி நேரம்

ஊன்றிக் கவனிக்க வேண்டிய வேலையை நாளின் எந்தப் பகுதியில் வைப்பது? தொழுகையாளிக்கு நாள் ஏற்கெனவே ஐந்தாகப் பிரிந்துதான் கிடக்கிறது. சென்னையில் ஃபஜ்ர் 5 மணியையொட்டி வருகிறது. பள்ளிக்கூடம், அலுவலகம் கிளம்பும் பரபரப்பு 7 மணிக்கு மேல்தான். இடைப்பட்ட நேரத்தில் யாரும் நம்மைத் தேடுவதில்லை.

தம் சமுதாயத்தின் அதிகாலையில் பரக்கத் வேண்டி நபி (ஸல்) அவர்கள் துஆ செய்த செய்தி அபூதாவூத், திர்மிதீயில் உள்ளது. அதை அறிவிக்கும் ஸக்ர் அல்காமிதீ (ரலி) ஒரு வியாபாரி. சரக்கை அதிகாலையிலேயே அனுப்பிச் செல்வந்தரானார் என்றும் அந்த அறிவிப்பிலேயே வருகிறது.

இந்த நேரத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கைப்பேசிதான். ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவினால் கவனத்தின் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் 2009இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வாட்ஸ்அப்பைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் திறக்கும் பிள்ளையின் நிலையும் இதுதான்.

வங்கி, ரேஷன் கடை, மின்னஞ்சல் போன்றவற்றை லுஹருக்குப் பின் தள்ளிவிடலாம். நண்பகலில் 20 நிமிடக் கைலூலா போதும்.

எல்லாம் முந்தைய இரவைப் பொறுத்தது. இஷாவுக்கு முன் உறங்குவதையும் அதன்பின் பேசிக்கொண்டிருப்பதையும் நபியவர்கள் வெறுத்ததாக புகாரியில் உள்ளது. நள்ளிரவு வரை ரீல்ஸ் பார்த்தவர் ஃபஜ்ர் தொழுதாலும் மறுபடி படுக்கத்தான் போவார்.

கைக்குழந்தை உள்ள தாய்க்கு இந்த அட்டவணை பொருந்தாது. தினம் அரைமணி நேரமாவது பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டு அவருக்கு ஓய்வோ படிப்போ கிடைக்கச் செய்வது வீட்டு ஆண்களின் வேலை.